சபையிலே பேசுவது யாரோடு?

(கமக்காரரும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த பொதுக்கூட்டம் ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



பாராளுமன்றப் பேச்சைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நம்மவருள் சிறந்த நாவலர் யார், எவருடைய பேச்சுக்கு எத்தனை கரகோஷம் கிடைத்தது என்ற ஆராய்ச்சியில் இறங்க நான் விரும்பவில்லை. அதற்குத் தேநீர்க் கடைகள் போதும். வேறொரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். மக்களாலே தெரிவுசெய்யப்பட்ட ஒருவர் சபையில் எழுந்து நின்று வாய் திறக்கும்பொழுது, அவர் உண்மையில் யாரோடு பேசுகிறார்?

எனது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சபையிற் பேசுகின்ற ஒவ்வொருவருக்கும் இரண்டு வகையான கேட்போர் உண்டு. ஒருவர் அவருக்கு முன்னே, எதிர் ஆசனத்தில் இருப்பவர். அவர் எழுந்து மறுமொழி சொல்லக்கூடியவர். மற்றவர் அவருக்குப் பின்னே, அவருடைய தொகுதியில் இருப்பவர். அவர் கைதட்டக்கூடியவர், வாக்களிக்கக்கூடியவர், ஆனால் அந்த இடத்தில், அந்த நேரத்தில் மறுமொழி சொல்ல இயலாதவர். முன்னே இருப்பவரை இணங்கவைக்கப் பேசும் மொழி ஒன்று; பின்னே இருப்பவரை மகிழவைக்கப் பேசும் மொழி வேறொன்று. எந்த நாட்டிலே இரண்டாவது மொழி முதலாவதை முற்றாக விழுங்கிவிடுகிறதோ, அந்த நாட்டிலே சபை இருக்கும், விவாதம் இராது. நம்முடைய நாடு இதற்குக் கொடுத்த விலை சிறிதன்று.

சபை மரபின் நோக்கம்

நமது பாராளுமன்ற மரபுகள் வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து வந்தவை. அங்கே ஓர் அங்கத்தவர் மற்றோர் அங்கத்தவரை நேரே விளித்துப் பேசுவதில்லை. பேச்செல்லாம் சபாநாயகரை நோக்கியே செல்லவேண்டும். எதிராளியைப் பெயர் சொல்லி அழையாமல், தொகுதியைக் கொண்டோ பதவியைக் கொண்டோ 'கௌரவ அங்கத்தவர்' என்றே குறிப்பிடவேண்டும். அவரைப் பொய்யர் என்று சொல்ல அனுமதியில்லை. சொன்னால் மீளப்பெறும்படி சபாநாயகர் கட்டளையிடுவார்.

இவையெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்று நம்மிற் பலர் நகைப்பதுண்டு. அன்பர்களே, இதிலே நகைப்புக்கு இடமில்லை. கோபம் கொண்ட இருவர் நடுவர் ஒருவரை நோக்கிப் பேசும்பொழுது, சொல்லின் சூடு பாதி தணிகிறது. நம்மூரிலே எல்லைத் தகராறு வந்தால் ஊர்ப் பெரியவரை நடுவில் இருத்திப் பேசுவது எதற்காக? அதே காரணத்துக்காகத்தான். எதிராளியை 'கௌரவ' என்று அழைப்பதன் பொருள், அவரும் என்னைப் போலவே மக்களால் அனுப்பப்பட்டவர் என்பதாகும்.

மண்டபத்தின் வடிவமும்கூட மொழியை ஆளும். 1941 மே மாதத்தில் ஜெர்மானியரின் குண்டுவீச்சினாலே பிரித்தானியப் பொதுமக்கள் சபை மண்டபம் அழிந்தது. அதை எவ்வாறு மீளக் கட்டுவது என்ற விவாதம் 1943 அக்டோபரில் நடந்தது. பிரதமர் சேர்ச்சில், பழைய நீள்சதுர வடிவிலேயே, எல்லா அங்கத்தவருக்கும் ஒரே வேளையில் ஆசனம் போதாத அளவுக்குச் சிறியதாகவே அதைக் கட்டவேண்டும் என்று வாதாடினார். பெரிய மண்டபத்திலே பிரசங்கம் நடக்கும், சிறிய மண்டபத்திலேதான் உரையாடல் நடக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். பெரும் பிரசங்கியாகிய அவரே, சட்டமியற்றும் இடத்துக்குப் பிரசங்கம் பொருந்தாது என்று கண்டார்.

ஒரே மண்டபம், இரு விவாதங்கள்

இனி நமது நாட்டுக்கு வருவோம். காலிமுகத் திடலின் ஓரத்திலே 1930 இல் திறக்கப்பட்ட மண்டபத்தில், மொழிப் பிரச்சினை இரண்டு முறை பெரிதாக விவாதிக்கப்பட்டது.

முதலாவது 1944 மே மாதம், அரசாங்க சபையில். சிங்களத்தை அரச மொழியாக்கவேண்டும் என்று ஜே. ஆர். ஜயவர்த்தன ஒரு பிரேரணையைக் கொண்டுவந்திருந்தார். தமிழும் சேர்க்கப்படவேண்டும் என்று வி. நல்லையா திருத்தம் கொணர்ந்தார். பிரேரணையைக் கொணர்ந்தவரே அதற்கு இணங்கினார். சிங்களமும் தமிழும் என்ற வடிவிலே பிரேரணை பெரும்பான்மையாக நிறைவேறியது. எதிரே இருந்தவரின் சொல், பேச்சாளரின் சொல்லை மாற்றியது. விவாதம் என்பதற்கு இதுவே இலக்கணம்.

இரண்டாவது 1956 ஜூன் மாதம், பிரதிநிதிகள் சபையில். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் நிகழ்ந்ததைக் கவனியுங்கள். 1951 இல் தோன்றிய ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி இரு மொழிகளையும் அரச மொழிகளாக்குவோம் என்று சொல்லித் தொடங்கி, 1955 இல் சிங்களம் மட்டும் என்று மாறியது. 1954 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலை, இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்து அளிக்கப்படும் என்று கூறினார். அச்செய்தி தெற்குக்குப் போனபொழுது அங்கே பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1956 பெப்ரவரியில் களனி மகாநாட்டிலே அவருடைய ஐக்கிய தேசியக் கட்சியும் சிங்களம் மட்டும் என்றே தீர்மானித்தது. வடக்கிலே ஒரு கேட்போர், தெற்கிலே ஒரு கேட்போர். எண்ணிக்கையிற் பெரிய கேட்போரின் பக்கம் நா திரும்பியது.

ஆகவே ஜூன் 5 ஆந் திகதி மசோதா சபைக்கு வந்தபொழுது, எதிரே இருந்தவரை இணங்கவைக்கவேண்டிய தேவை அரசாங்கத் தரப்பிலே எவருக்கும் இருக்கவில்லை. அன்று மண்டபத்துக்கு வெளியே, காலிமுகத் திடலிலே சத்தியாக்கிரகம் செய்தவர்கள் தாக்கப்பட்டார்கள். உள்ளே பல நாட்கள் பேச்சு நடந்தது. 29 வாக்குகளுக்கு எதிராக 56 வாக்குகளால் மசோதா நிறைவேறியது. 1944 இல் எதிராளியின் திருத்தத்துக்கு இடங்கொடுத்த அதே மண்டபம், 1956 இல் அவரை வெறும் பார்வையாளராக்கிவிட்டது.

பாமரர் கேட்டதனாலா?

இவ்விடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழலாம். 1944 இல் சபை ஆங்கிலத்திலே பேசியது. அதனாலே கனவான்கள் தமக்குள் இணங்கிக்கொண்டார்கள். மக்களின் மொழியும் மக்களின் காதும் உள்ளே புகுந்ததும் இணக்கம் கெட்டது என்று சிலர் சொல்வர். கற்றோர் கூடும் இடங்களில் இந்தப் பேச்சைக் கேட்கிறோம். நான் இதை ஏற்கவில்லை.

ஆங்கிலத்திலே நடந்த விவாதம், வன்னியில் வயல் உழுதவருக்கும் அம்பாந்தோட்டையிற் சேனை வெட்டியவருக்கும் எட்டவில்லை. அவர்களுடைய நீரும் நிலமும் அவர்களுக்கு விளங்காத மொழியிலே தீர்மானிக்கப்பட்டன. அந்த நிலை மாறியது நீதியே. கெடுதி மக்கள் கேட்டதனால் வந்ததன்று. தாம் கேட்க விரும்பியதை மட்டும் கேட்கும்படி மக்கள் பழக்கப்பட்டதனால் வந்தது. எதிர்த்தரப்பின் நியாயத்தை எடுத்துச் சொல்லி, அதற்கு ஏன் தாம் உடன்படவில்லை என்று தம் தொகுதி மக்களுக்கு விளக்கியவர் எத்தனை பேர்? விளக்கியிருந்தால் மக்கள் விளங்கிக்கொண்டிருப்பார்கள். வழக்கிலே இரு தரப்பையும் கேட்கவேண்டும் என்பதைக் கமக்காரனுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை.

பின்னே இருப்பவரின் விருப்பத்துக்கு மாறாகவும் சபையிற் பேசலாம் என்பதற்கு 1956 விவாதமே சாட்சி. இடதுசாரித் தலைவர்கள் பலர் சிங்கள வாக்காளரால் அனுப்பப்பட்டவர்கள். அப்படியிருந்தும் மசோதாவை எதிர்த்தார்கள். ஒரு மொழி என்றால் நாடு இரண்டாகும், இரு மொழி என்றால் நாடு ஒன்றாகும் என்ற கருத்துப்படக் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா செய்த எச்சரிக்கை இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1964 இல் அவருடைய கட்சி கூட்டரசாங்கத்திற் சேர்ந்தது. 1966 ஜனவரியில் தமிழ்மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்த அணியிலே அக்கட்சியும் நின்றது. 1972 இல், அவர் அமைச்சராயிருந்து ஆக்கிய அரசியலமைப்பு, சிங்களம் மட்டும் என்ற நிலையையே உறுதிப்படுத்தியது.

1944 இல் திருத்தத்துக்கு இணங்கிய ஜே. ஆர். ஜயவர்த்தனவும், 1957 இல் பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டியை நோக்கி நடந்தார். பின்னர் 1987 இல், அவர் ஜனாதிபதியாயிருந்த காலத்திலேயே, பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கருமமொழியாயிற்று. 1944 இல் ஒரு பிற்பகலிலே சொல்லால் இணங்கிய இடத்துக்குத் திரும்பிவர நாற்பத்து மூன்று ஆண்டுகளும் எண்ணற்ற உயிர்களும் செலவாயின. சொல்லை விட்டு அகலும் மனிதர் திரும்பி வரலாம். அவர் சொன்னதை நம்பிக் காத்திருந்தவரின் காலம் திரும்பி வராது.

நாம், நாங்கள், அவர்கள்

கேட்போரோடு பேச்சாளர் கொள்ளும் உறவு பெரிய சொற்களிலே தங்கியிருப்பதில்லை; மிகச் சிறிய சொற்களிலே தங்கியிருக்கிறது. தமிழிலே 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் இரு சொற்கள் உண்டு. 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே இருக்கிறார். 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இதற்கு ஒரே சொல்தான். ஆகவே அம்மொழிகளிலே ஒருவர் நாட்டையே குறிப்பதுபோலப் பேசித் தம் இனத்தை மட்டும் குறித்துவிட முடியும். எழுத்துத் தமிழ் அந்த மறைவைத் தருவதில்லை. அதனாலே தமிழ்ப் பிரதிநிதிக்கு ஒரு பொறுப்பு உண்டு. சபையை நோக்கி 'நாங்கள்' என்று சொல்லவேண்டிய இடம் உண்டு. உரிமை கேட்கும் இடம் அது. 'நாம்' என்று சொல்லவேண்டிய இடமும் உண்டு. விலைவாசியும் வெள்ளமும் வரட்சியும் பேசப்படும் இடம் அது. இரண்டையும் அறிந்து பேசுபவரே முழுமையான பிரதிநிதி.

மூன்றாவது சொல் 'அவர்கள்'. இச்சொல்லாற் குறிக்கப்படுபவர் சபையில் இல்லாதபொழுது அது மிகவும் அபாயமானதாகிறது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினாலே தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் பிரசாவுரிமை அற்றவராயினர். அடுத்து வாக்குரிமையையும் இழந்தனர். அதன் பின்னர் அவர்கள் அரசியற் பேச்சிலே மனிதராக வருவது குறைந்து, எண்களாக வரலாயினர். 1964 அக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை 5,25,000 என்றும் 3,00,000 என்றும் பிரித்து, மிகுதி 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதென்று ஒதுக்கிவைத்தது. கொழுந்து பறித்த கைகளுக்குரிய ஒரு தாயையோ மகளையோ அந்த எண்களிலே காணமுடியாது. வாக்கில்லாதவரைப் பற்றிப் பேசும்பொழுது பின்னே இருந்து கேட்பவரும் இல்லை. முன்னே இருந்து மறுக்கவேண்டியவரும் குறைவு. மொழி அப்பொழுது கணக்கேடாகிவிடுகிறது.

'தமிழின் நியாயமான உபயோகம்' என்ற தொடரையும் நினைவுகூருங்கள். தமிழருக்கு அது சலுகை என்று காட்டப்பட்டது. சிங்களவருக்கு அது எல்லை என்று காட்டப்பட்டது. 1958 இல் அதற்கென ஒரு சட்டம் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குவிதிகள் 1966 இலேயே வந்தன. இரு கேட்போருக்கும் இரு பொருள் தரும் சொல் சபையைக் கடந்துவிடும். கச்சேரி வாசலிலே அது நின்றுவிடும். அங்கே தமிழிலே கடிதம் எழுதி, விளங்காத மொழியிலே பதில் பெற்றவருக்கு அச்சொல்லின் உண்மைப் பொருள் தெரியும்.

கமக்காரருக்கு அண்மைக் காலத்து உதாரணம் ஒன்றும் உண்டு. 2021 மே மாதத்திலே இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நஞ்சற்ற உணவு என்ற சொல்லே அரசாங்கத் தரப்பின் பெரிய நியாயமாக இருந்தது. அச்சொல்லின் தந்திரம் விளங்குகிறதா? அதை எதிர்ப்பவர் நஞ்சை ஆதரிப்பவராகத் தோன்றுவார். எவ்வளவு காலத்தில், எந்தப் பயிருக்கு, எந்த மாற்று உரத்தைக்கொண்டு என்று வயலிலே நின்று கேட்கவேண்டிய கேள்விகள் அந்த ஒரு சொல்லின் கீழ் அமுங்கின. விளைச்சல் வீழ்ந்த பின்னர், அவ்வாண்டு நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. நட்டத்தைச் சுமந்தவர் அச்சொல்லைச் சொன்னவர் அல்லர்.

நம் பக்கத்துக் கணக்கு

மற்றவர் நாவை மட்டும் அளப்பது நேர்மையாகாது. நமது அரசியலிலும் ஒரு சொல் இருந்தது: 'துரோகி'. சபைக்குள்ளே எதிராளியைக் கௌரவ அங்கத்தவர் என்று அழைத்தவர்கள், ஊர் மேடையிலே தம் இனத்தைச் சேர்ந்த எதிராளியைத் துரோகி என்று அழைத்தார்கள். கூட்டம் ஆரவாரித்தது. சொன்னவர்கள் அதைத் தேர்தல் காலத்துச் சொல்லாகவே கருதியிருக்கலாம். ஆனால் கேட்டவர்களுள் இளைஞர்கள் இருந்தார்கள். அவர்கள் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். 1975 ஜூலையில் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுட்டுக்கொல்லப்பட்டார். 1989 ஜூலையில், பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராயிருந்த அ. அமிர்தலிங்கம் அவர்களும், அதே பழியைச் சுமந்தவராய்க் கொழும்பிலே கொல்லப்பட்டார். மேடையிலே எளிதாய் வீசப்பட்ட சொல், ஆளையும் கட்சியையும் பாராமல் எல்லார் வாசலுக்கும் வந்தது.

பேச்சு அடைபட்டால் என்ன நேரும் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 1983 ஆகஸ்டில் வந்த ஆறாவது திருத்தம் விதித்த சத்தியப்பிரமாணத்தை ஏற்காத தமிழர் விடுதலைக் கூட்டணியினர் தம் ஆசனங்களை இழந்தனர். தமிழரின் மிகப் பெரிய கட்சி சபையிற் பேசாத ஆண்டுகளே ஆயுதம் மிக உரத்துப் பேசிய ஆண்டுகளாயின. ஆகவே பாராளுமன்றப் பேச்சு வீண் என்று சொல்பவரோடு நான் சேரமாட்டேன். அது வீணாக்கப்படுகிறது என்பதே என் முறையீடு.

எம்மொழியிற் பேசுவது?

தமிழ்ப் பிரதிநிதி சபையில் எம்மொழியிற் பேசவேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். தமிழிலே பேசுவது நமது உரிமை, அதை விடலாகாது. எனினும் ஒன்றை மறவாதீர்கள். அங்கே தமிழிலே பேசப்படுவதைப் பெரும்பாலான அங்கத்தவர்கள் காதிலே மாட்டிய கருவியின் வழியாக, உரைபெயர்ப்பாளரின் குரலிலேயே கேட்கிறார்கள். மொழிபெயர்ப்பிலே நியாயம் போய்ச் சேரும். ஏளனமும் சிலேடையும் அடுக்குமொழியும் போய்ச் சேரமாட்டா. அவை பின்னே இருக்கும் நமக்கு மட்டுமே இனிக்கும். ஆதலால் தமிழிலே பேசுபவர் மொழிபெயர்ப்பைத் தாங்கக்கூடிய தெளிந்த வசனங்களிலே பேசட்டும். சிங்களம் வல்லவர்கள், வேண்டிய வேளைகளிலே அம்மொழியிலும் நமது நியாயத்தைச் சொல்லட்டும். அதனாலே தமிழ் தாழாது. நமது குறையைக் கேட்காதிருந்த ஒரு சிங்களக் கமக்காரர் அதை நேரே கேட்பார்.

இன்று சபை நடவடிக்கை தொலைக்காட்சியிலே தெரிகிறது, கைத்தொலைபேசியிலும் வருகிறது. ஒரு மணி நேரப் பேச்சிலிருந்து இரண்டு நிமிடத்தை வெட்டி எடுத்து ஊரெங்கும் அனுப்புகிறார்கள். அந்த இரண்டு நிமிடத்துக்காகவே பேசும் பழக்கமும் வளர்ந்துவருகிறது. சபையிலே சொன்ன சொல்லுக்காக ஒருவர்மீது வழக்குத் தொடுக்க இயலாது. 1689 ஆம் ஆண்டு இங்கிலாந்திலே நிலைநாட்டப்பட்ட அந்தப் பாதுகாப்பை, 1953 ஆம் ஆண்டின் சிறப்புரிமைச் சட்டம் நமது சபைக்கும் உறுதிசெய்தது. அரசனுக்கு அஞ்சாது பேசவேண்டும் என்பதற்காக வந்த பாதுகாப்பு அது. மறுமொழி சொல்ல வழியில்லாத ஒரு சாதாரண மனிதனை அவமதிப்பதற்கு அது கேடயமாகலாகாது.

நமது கடமை

பெரியோர்களே, பேச்சாளரின் நாவை ஆக்குபவர்கள் கேட்போரே. நாம் எதற்குக் கைதட்டுகிறோமோ அதுவே மறுநாளும் பேசப்படும். ஆகவே உங்கள் பிரதிநிதி அடுத்த முறை ஊருக்கு வரும்பொழுது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது: இங்கே பேசிய இதே பேச்சை, மாத்தறையிலோ குருநாகலிலோ உள்ள மக்களின் முன்னே நின்று, சொல் மாறாமற் பேசுவீரா? இக்கேள்வியை அங்குள்ளவர்கள் தம் பிரதிநிதிகளிடம், யாழ்ப்பாணத்தையும் மட்டக்களப்பையும் சொல்லிக் கேட்கட்டும்.

இரண்டாவது: எதிர்த்தரப்பின் நியாயம் யாது? அதை அவர்களே ஒப்புக்கொள்ளும் விதமாக எடுத்துச் சொல்லமுடியாதவர், அவ்விவாதத்தைக் கேட்டிருக்கவில்லை என்பது பொருள்.

மூன்றாவது: அந்தப் பேச்சின் முடிவிலே எதைக் கேட்டீர், யாரிடம் கேட்டீர், என்ன பதில் கிடைத்தது? சபையிலே வாய்மூல விடைக்கான வினா என்று ஒன்று உண்டு. அமைச்சர் எழுந்து பதில் சொல்லவேண்டும். அந்தப் பதில் ஹன்சாட்டிலே பதிவாகும். நமது குளத்தின் கட்டு எப்பொழுது திருத்தப்படும், நமது ஆஸ்பத்திரிக்கு வைத்தியர் எப்பொழுது நியமிக்கப்படுவார் என்று கேட்கும் ஒரு வினாவிலே கரகோஷத்துக்கு இடமில்லை. ஆனால் அதிலே ஒரு பதிலும், அந்தப் பதிலைப் பற்றிப் பிடித்துத் தொடரும் வழியும் உண்டு.

இந்த மண்டபத்திலே வைத்தியரும் ஆசிரியரும் சட்டத்தரணியும் இருக்கிறீர்கள், கமக்காரரும் இருக்கிறீர்கள். படித்தவர்கள் ஹன்சாட்டை வாங்கி வாசியுங்கள். வாசித்ததைச் சங்கக் கூட்டத்திலே கமக்காரருக்கு எடுத்துச் சொல்லுங்கள். கமக்காரர் தம் கேள்விகளைச் சொல்லட்டும். படித்தவர்கள் அவற்றை எழுதி அனுப்பட்டும். அப்பொழுது நமது பிரதிநிதிக்குப் பின்னே இருப்பது கைதட்டும் கூட்டமாக இராது, கணக்குக் கேட்கும் மக்களாக இருக்கும். கணக்குக் கேட்கும் மக்களை உடையவர் சபையிலே முன்னே இருப்பவரைப் பார்த்துப் பேசியே ஆகவேண்டும்.

உங்களிடம் மறுமொழிகளும் மாறான கருத்துகளும் இருக்கும் என்பதை அறிவேன். தலைவர் அவர்கள் அனுமதி தந்தால், அவற்றைக் கேட்க இங்கேயே அமர்ந்திருக்கிறேன்.